ஆடிப்பட்டமும் திருவள்ளூர் நெல்லும்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழகம் எங்கும் வழங்கும் உழவுப் பழமொழி. பட்டம் என்றால் விதைப்புப் பருவம். ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும் ஆடியைத் தவறவிடாமல் விதைத்தவருக்கே விளைச்சல் என்பது நேர்ப்பொருள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரங்களில் மழை, ஏரி, நெல் ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாக அமைந்தன.

இங்கு வற்றாத ஆறு கிடையாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மழைக்காலத்தில்தான் பெருகும். பாசனம் ஏரிகளை நம்பியே நடந்தது. ஏரிகளை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஆடியில் மாலை வேளைகளில் பெய்யும் இடிமழை ஏரியை நிரப்பாது; ஆனால் விதை முளைக்க ஈரம் தரும். அந்த ஈரத்தை நம்பியதே புழுதி விதைப்பு. கோடையிலேயே உழுது புழுதியாக்கிய வயலில், நாற்று விடாமல் நெல்லை நேரே விதைப்பார்கள். முதல் ஒன்றரை மாதம் போல அது மானாவாரிப் பயிராக வளரும். ஏரிக்கு நீர் வந்ததும் வயலில் தண்ணீர் கட்டி நன்செய்ப் பயிராக்குவார்கள். விதைப்பு தள்ளிப்போனால் அடைமழையின்போது பயிர் இளசாக நிற்கும். நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆடியில் விதைத்த பயிரோ அதற்குள் வேர் பிடித்துத் தூர் கட்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் நெல்லின் இயல்பு. பழைய சம்பா ரகங்கள் பல, பகல் பொழுது குறுகும்போதுதான் கதிர்விடும். முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் அவை பூக்கும் காலம் பெரிதாக மாறாது. பிந்தியவருக்குத் தூர் கட்டும் நாட்கள் குறையும், மகசூலும் குறையும். பட்டத்தில் விதைத்தது தையில் களத்துக்கு வந்துவிடும்.

ஆடிப்பட்டத்தின் இந்தப் பிடி 20-ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. அந்த மாற்றத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பங்குண்டு. திருவள்ளூரை அடுத்த திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள், திரூர்க்குப்பம் என்ற பெயரைக் கொண்டு டி.கே.எம். எனப்படுகின்றன. அவற்றில் டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கலப்பினப் பணிக்குப் பெற்றோர் ஆனது. அதில் பிறந்த ஐ.ஆர். 20, 1969-இல் வெளியானது. பகல் நீளத்துக்குக் கட்டுப்படாத குறுகிய வயது ரகங்களும் ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் பெருகியபின், சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரியும் மார்கழியில் தொடங்கும் நவரையும் ஆடியில் விதைக்கும் சம்பாவுக்கு இணையான பட்டங்களாக வலுப்பெற்றன. ஆனாலும் சம்பாப் பட்டம் மறையவில்லை. 2015-இல் வந்த டி.கே.எம். 13 அதற்கேற்ற ரகமே.

வயலுக்கு வெளியேயும் இப்பழமொழி நிலைத்திருக்கிறது. படிப்பு, திருமணம், தொழில் என எதையும் உரிய காலத்தில் செய் என்று அறிவுறுத்தும்போது பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதும் இதுவும் ஒன்றல்ல. எதிர்பாராமல் வீசும் காற்றைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறது அது. ஆடியோ ஆண்டுதோறும் தவறாமல் வருவது. அது வருமுன்பே உழுது, விதை தேடி வைத்து ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது இது.