பக்கத்து வீட்டு மரபணு

நம் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு மூன்று நான்கு கிராம்தான். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குச் சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம். மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்குத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆகவே உள்ளே விடும்போதே அளந்து விட வேண்டும். அளப்பது யார் என்பது 20ஆம் நூற்றாண்டு முடியும்வரை தெரியவில்லை. விடை முதலில் சிக்கியதோ, அதைத் தேடாதவர்கள் கையில்.

2000இல் ஜெர்மனியின் ஹனோவரில் ஒரு குழு, மனித இரத்தத்தை வடிகட்டி எடுத்த திரவத்திலிருந்து, கிருமியைக் கொல்லும் சின்னஞ்சிறு புரதம் ஒன்றைப் பிரித்தது. லாஸ் ஏஞ்சலிஸில் தாமஸ் கான்ஸ் குழுவினரும் கிருமிக்கொல்லிகளைத் தேடித்தான் மனிதச் சிறுநீரை அலசினார்கள். அதே பொருள் அங்கேயும் வந்தது. 2001இல் அதற்கு ஹெப்சிடின் என்று பெயர் வைத்தார்கள். வெறும் 25 அமினோ அமிலங்கள், தயாராவது கல்லீரலில். சிறுநீர் கொடுத்தவர்களில் ஒருவருக்குத் தொற்று கண்டபோது அதன் அளவு சுமார் நூறு மடங்கு எகிறியிருந்தது. அப்புறம் யாருக்கு இரும்பு நினைவு வரும்?

அதே ஆண்டு பிரான்சின் ரென் நகரில், எலிகளுக்கு இரும்பை அளவுக்கு மீறி ஏற்றிப் பார்த்தார்கள். கல்லீரலில் ஹெப்சிடின் மரபணு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. இரும்புக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று முதலில் காட்டியது இந்த ஆய்வு.

என் கணக்கில் கதையின் உயிர்நாடி பாரிஸில் இருக்கிறது. அங்கே சோஃபி வோலோன் குழு, சர்க்கரை தொடர்பான ஆராய்ச்சிக்காக யுஎஸ்எஃப்2 என்ற மரபணுவை முடக்கி எலிகளை வளர்த்துவந்தது. அந்த எலிகளின் கல்லீரல், கணையம், இதயம் எல்லாவற்றிலும் இரும்பு படிந்துகொண்டே போனது. மண்ணீரலில் மட்டும் தலைகீழ்: சாதாரண எலிக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பைச் சேர்த்துவைக்கும் இடமே காலியாகக் கிடந்தது. கல்லீரலைச் சோதித்தால் ஹெப்சிடின் அறவே இல்லை. யுஎஸ்எஃப்2-ஐ முடக்கப்போய், பக்கத்து வீட்டில் குடியிருந்த ஹெப்சிடின் மரபணுவும் சேர்ந்து வாயடைத்துப் போயிருந்தது! வேறொரு யுஎஸ்எஃப்2 முடக்க எலி வகையில் ஹெப்சிடின் ஒழுங்காக இருந்தது, இரும்பும் ஏறவில்லை. குற்றவாளி யார் என்பதில் அதன்பின் சந்தேகமில்லை. 2002இல் அதே குழு ஹெப்சிடினை அளவுக்கு மீறிச் சுரக்கும் எலிகளை உருவாக்கியது. குட்டிகள் கடும் இரத்தசோகையோடு வெளிறிப் பிறந்தன. பெரும்பாலானவை சில மணி நேரத்தில் செத்தன.

மண்ணீரல் புதிருக்கு 2004இல் எலிசபெத்தா நெமெத், கான்ஸ் முதலானோர் விடை சொன்னார்கள். குடல் செல்களிலும் இரும்பைச் சேமிக்கும் செல்களிலும் இரும்பை இரத்தத்துக்கு அனுப்பும் புரதம் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அதில் போய் ஒட்டினால் செல் அதை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். இரும்பு செல்லுக்குள்ளேயே தங்கும். ஹெப்சிடின் இல்லாவிட்டால் எல்லாம் கொட்டிவிடும்.

கல்லீரல் செல்லுக்கு இரும்பு ஏறியது எப்படித் தெரிகிறது? இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் கல்லீரல் செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் கவனிக்கின்றன. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர் செல்களும் பிஎம்பி6 என்ற புரதத்தை அனுப்பித் தகவல் சொல்கின்றன. அது வந்து சேர்ந்ததும் ஸ்மாட் புரதங்கள் உட்கருவுக்குள் போய் ஹெப்சிடின் மரபணுவை முடுக்கிவிடுகின்றன. தொற்று வந்தால் ஐஎல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் வேறொரு வழியில் அதே மரபணுவைத் தூண்டும். சிறுநீர் கொடுத்தவருக்கு நடந்தது இதுதான்.

இரும்பு மாத்திரை விழுங்கினாலும் ஹெப்சிடின் ஏறும். மறுநாள் மாத்திரைக்குப் பாதை அடைபட்டிருக்கும். இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களிடம் சூரிச் ஆய்வாளர்கள் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் கொடுத்ததைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது அதே எண்ணிக்கை மாத்திரைகளிலிருந்து அதிக இரும்பு உடம்பில் சேர்ந்தது.