அறுபத்தொன்பதில் வந்த தொழில்

பென்ஷன் வாங்கிய பிறகு காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு காசு பார்க்கலாம் என்று கனவு காண்பவர்கள் நம்மில் அநேகர். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுதான் வரும்.

1894-ல் பாரிஸுக்கு அருகே, செல்வம் கொழித்த குடும்பத்தில் பிறந்தவர். 1902-ல் தகப்பனார் ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார். (அந்த வயதில் நமக்குக் கிடைத்தது பம்பரம்!) படிக்கட்டிலிருந்து அந்தரத்தில் தாவும் உறவுக்காரப் பெண், அண்ணன் கட்டிய பறக்கும் யந்திரம், பூங்காவில் உலாவும் சீமாட்டிகள் எல்லாம் படமாயின. பந்தய மோட்டார் ஒன்றை எடுத்த படத்தில் சக்கரம் முன்னால் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களோ பின்னால் சாய்ந்து நிற்பார்கள். காமிராவுக்குள் மூடியின் இடுக்கு நகர்ந்து முடிவதற்குள் வண்டியும் ஓடியது, அதைத் தொடர்ந்து காமிராவும் திரும்பியது. வேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

படங்களை ஆல்பங்களில் ஒட்டி வைத்தாரே தவிர, வயிற்றுப் பாட்டுக்குத் தூரிகையைத்தான் நம்பினார். குடும்பச் செல்வம் கரைந்த பிறகும் சித்திரக்காரர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார்.

1962-ல் அமெரிக்கா சென்றபோது அவருடைய பழைய படங்கள் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையின் ஜான் ஷார்க்கோவ்ஸ்கி கண்ணில் பட்டன. மறு வருஷமே கண்காட்சி. 'லைஃப்' பத்திரிகையும் பல பக்கங்கள் ஒதுக்கியது. அந்த இதழின் தேதி 1963 நவம்பர் 29. அட்டையில், ஒரு வாரத்துக்கு முன் சுடப்பட்டு மாண்ட கென்னடி! துக்கத்தோடு அந்த இதழை வாங்கிய வீடுகளுக்கெல்லாம் லார்த்திக்கும் கூடவே போய்ச் சேர்ந்தார்.

ஒன்றும் அறியாத குழந்தை எடுத்த படங்கள் என்று அப்போது கொண்டாடினார்கள். அதை நான் முழுக்க ஒப்புக்கொள்வதில்லை. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அவருடைய படங்கள் முன்பே வந்ததுண்டு. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறுபது வருஷம் ஆல்பத்தோடு மல்லாடியவரை அறியாதவர் என்று எப்படிச் சொல்வது?

அதன் பிறகுதான் வேலை தேடி வந்தது. 1970-ல் ரிச்சர்ட் அவெடன் தொகுத்த புத்தகம் வெளியாயிற்று. நவநாகரிக உடைப் பத்திரிகைகள் அழைத்தன. 1974-ல் புதிய ஜனாதிபதி ழீஸ்கார் தெஸ்தேன் தமது அதிகாரபூர்வமான படத்தை எடுக்கச் சொன்னார். முன்னவர்களைப் போல் புத்தக அலமாரி, பட்டயம், பதக்கம் எதுவும் இல்லை. பின்னால் கொடி மட்டும், அதுவும் சட்டம் முழுக்க. எடுத்தவருக்கு வயது எண்பது.

1979-ல் ஆல்பங்களையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களையும் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு இனாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் இருந்தார்.