ஞானாம்பாள் பூண்ட ஆண் வேடம்

நம் பழம்புலவர்கள் பெண்ணழகைப் பாடப் புகுந்தால் கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிப்பர். அல்லது பாதத்தில் தொடங்கிக் கூந்தலில் முடிப்பர். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று இதற்குத் தனிப் பெயர்களே உண்டு. கூந்தல் மேகமாகும், கண் கயலாகும், இடை மின்னலாகும். உவமைகளின் நயத்தை மறுப்பாரில்லை. ஆயினும் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிய அந்த ஆணின் பார்வை, அவள் என்ன நினைக்கிறாள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. (கண்ணகி வழக்குரைத்த மண்ணில் இப்படிச் சொல்ல நேர்வதும் விந்தையே.)

இம்மரபின் நடுவே, 1879இல், தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கர். பத்தாண்டுகளுக்கு முன்பே, 1869இல், 'பெண்மதி மாலை' பாடியவர். நாயகிக்கு அவர் இட்ட பெயரையே பாருங்கள்: ஞானாம்பாள். வாசகர் நினைவில் அவளை நிறுத்துவது கண்ணோ இடையோ அன்று, மதிநுட்பம்.

கதையின் பெருந்திருப்பம் பலரும் அறிந்ததே. கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அவனைத் தேடிப் புறப்படுகிறாள். விக்கிரமபுரியில் யானை அவளுக்கு மாலையிடுகிறது. அவள் அரசனாகிறாள், நல்லாட்சி புரிகிறாள். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு பெண்ணின் அறிவை ஊரார் காண வேண்டுமாயின், முதலில் அவள் பெண்ணாகத் தெரியாதிருக்க வேண்டும்! வழியில் தனியே செல்லும் பெண்மீது எத்தகைய கண்கள் படும் என்பது நீதிமன்றத்தில் அமர்ந்தவருக்குத் தெரியாதா என்ன? ஆணுடை அவளுக்கு ஒப்பனையன்று, கவசம். ஆணா பெண்ணா என்று பாராதது அந்த யானை ஒன்றுதான்.

இன்னொன்று. கதை முழுவதையும் சொல்பவன் பிரதாபன். மனைவியைத் தன்னினும் மேலாக மதிப்பவன்தான். இருந்தும் ஞானாம்பாளை நாம் காண்பது கணவனின் கண் வழியாகவே. அவள் பேசியதைக் கேட்பதும் அவன் வாய் வழியாகவே.

இதைப் பிள்ளையவர்களின் குறையாகக் கூறேன். வருணனையில் தோய்ந்திருந்த கதையுலகைப் பெண்ணறிவின் பக்கம் திருப்பியதே அக்காலத்தில் பெருஞ்செயல்.

அவருடைய இரண்டாம் நாவலாகிய 'சுகுண சுந்தரி' 1887இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் 'சகுணா' என்ற நாவல் தொடராக வரத் தொடங்கிற்று. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். மருத்துவம் பயிலச் சென்னைக்கு வந்து, உடல்நலக் குறைவால் படிப்பைத் தொடர இயலாமற்போன பெண்மணி. அதில் சகுணா தன் கதையைத் தானே, 'நான்' என்று சொல்கிறாள். ஆனால் ஆங்கிலத்தில்.