நெடும்பாட்டும் நெடுந்தட்டும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகே அமைந்த கொல்லயில் என்னும் எல்லைப்புறச் சிற்றூர் அடியேன் பிறந்த மண். பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து இச்சங்கத்தில் ஒன்றுகூடிய நம்முள் பலர் அப்பகுதியினரே. ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்தபோது, நெய்யாற்றின்கரையில் அம்மச்சிப் பிலாவின் பொந்தில் மார்த்தாண்ட வர்மர் ஒளிந்திருந்த கதையையே எழுதலாம் என முதலில் எண்ணினேன். ஆனால் அக்கதையை நம் பிள்ளைகளும் அறிவர். எனவே அவர்கள் எனக்கு அறிமுகப்படுத்திய வேறொரு வரலாற்றை எழுதத் துணிந்தேன். அது 'புரோகிரசிவ் ராக்' என வழங்கும் இசைத்தட்டுகளின் வரலாறு.

சென்ற பொங்கல் விழாவுக்கு மறுநாள் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தம் இல்லத்தில் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். கால் மணி நேரம் பொறுத்தேன். பின்னர், "தம்பி, இந்தப் பாட்டு எப்போது முடியும்?" என்று கேட்டேன். "மாமா, தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டுத்தான். திருப்பிப் போட்டாலும் அதுவே தொடரும்" என்றார் அவர். எனக்கு நகைப்பு எழுந்தது. மறுகணமே வியப்பும் எழுந்தது. ஓர் இரவு முழுவதும் ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊரான் அல்லவா அடியேன்!

வில்லடியின் நெடுமை

தென் திருவிதாங்கூரில் அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நிகழ்வதை அன்பர்கள் நன்கறிவர். மணிகள் கட்டிய வில், அதனைத் தட்டும் வீசுகோல், உடுக்கை, தாளம், கட்டை, மட்கலமாகிய குடம் ஆகியவையே அதன் கருவிகள். காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவடி வணங்கி, அவையடக்கம் கூறி, நாட்டு வளம் பாடிய பின்னரே புலவர் கதைக்குள் நுழைவார். கதை விடிய விடிய நடக்கும். சில கோயில்களில் அடுத்தடுத்த இரவுகளிலும் தொடரும். இறுதியில் வாழி பாடி முடிப்பர். வில்லுப்பாட்டாகவும் பாடப்பெறும் இரவிக்குட்டிப் பிள்ளை கதை, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மாண்ட வேணாட்டு வீரனின் கதை. அதன் மொழியைத் தமிழ் என்பதா, மலையாளம் என்பதா எனப் பிரிக்க முனைவோர் இடர்ப்படுவர். இத்தகைய பாடல்களை மலையாள அறிஞர் 'தெக்கன் பாட்டுகள்' என்பர். தமிழ் அறிஞர் 'கதைப்பாடல்கள்' என்பர். பாட்டோ ஒன்றே.

மூன்று நிமிடச் சிறை

இந்நெடும்பாட்டு மரபுக்கு நேர்மாறாக வந்தது பழைய கிராமபோன் தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கச்சேரியில் அரை மணி நேரம் விரித்துப் பாடும் கீர்த்தனத்தை அம்மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டிய இக்கட்டு நம் வித்துவான்களுக்கு நேர்ந்தது. நாடகம் என்றால் அதனைப் பல தட்டுகளில் பகுத்து, 'செட்' என்று பெட்டியில் அடுக்கி விற்றனர். இரவில் ஊர் கூடிக் கேட்கும் வீட்டில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கவும் ஊசி மாற்றவும் ஒருவர் பெட்டியருகிலேயே அமர்ந்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்... அன்று, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமாகச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைப் பதிக்கலாம். சிறையின் கதவு திறந்தது. 1955இல் அலி அக்பர் கான் யெகுதி மெனுகினின் முன்னுரையோடு வெளியிட்ட தட்டில், இந்திய இராகம் ஒன்று பக்கம் முழுதும் விரிந்து ஒலித்தது. ஆனால் மேனாட்டு ராக் இசையாளர் மூன்று நிமிடப் பழக்கத்தினின்று விடுபட மேலும் சில ஆண்டுகள் ஆயின.

மேனாட்டில் மலர்ச்சி

1967ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்னும் தட்டு, உதிரிப் பாடல்களின் தொகுப்பாக அன்றி ஒரு முழு நூலைப்போல் அமைந்தது. அதே ஆண்டில் மூடி புளூஸ் குழுவினர் ஒரு நாளின் வைகறை முதல் இரவு வரையுள்ள பொழுதுகளைப் பாடி, பேரியத்தின் துணையோடு ஒரு தட்டு வெளியிட்டனர். 1969 அக்டோபரில் வந்த கிங் கிரிம்சனின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' என்னும் தட்டில் ஐந்தே பாடல்கள். இந்நெறியின் தலைநூல் அதுவே எனப் பலரும் கொள்வர்.

அதன்பின் அறுவடைக் காலம். 1972இல் ஜெத்ரோ டல் குழுவினர் 'திக் ஆஸ் எ பிரிக்' என்னும் ஒரே பாடலால் இரு பக்கங்களையும் நிரப்பினர். நம் இளைஞர் எனக்குக் கேட்பித்தது இதுவே. அதே ஆண்டில் யெஸ் குழுவினரின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' தட்டில் ஒரு பாடல் ஒரு பக்கத்தை முழுதும் பற்றிக்கொண்டது. 1973இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988க்குள் 741 வாரங்கள் இடம்பெற்றது. பணத்தைப் பற்றிய அதன் பாடல் பெரும்பகுதியும் ஏழு எண்ணும் தாளத்தில் நடப்பது. நாம் மிசிர நடை என்பதும் ஏழெண்ணிக்கையே. மேனாட்டார் வியந்து போற்றிய இத்தகைய ஒற்றைப்படைக் கணக்குகள், திருப்புகழின் சந்தங்களில் ஊறிய தமிழ்ச் செவிக்குப் புதியன அல்ல.

குறையும் உண்டு. 1973இல் யெஸ் குழுவினர் இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களில் நான்கே பாடல்கள் பாடினர். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தில் நால்வகைச் சாத்திரங்களைக் குறித்த ஓர் அடிக்குறிப்பைப் படித்ததன் விளைவு அது! அத்தட்டை அளவு மீறிய நீட்சி எனப் பலர் சாடினர். குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மனே மனம் ஒவ்வாது 1974இல் விலகினார். பொருள் இருக்கும் அளவுக்குத்தான் நீளம் சிறக்கும். கதை தீர்ந்த பின்னும் பாடிக்கொண்டிருக்கும் புலவரைக் கொடைக்கூட்டமும் பொறுப்பதில்லை. 1976, 1977ஆம் ஆண்டுகளில் 'பங்க்' என்னும் குறும்பாட்டு இயக்கம் புயலென எழுந்து, நெடுந்தட்டுகளின் ஆரவாரத்தை எள்ளி ஒதுக்கியது.

குடம் கடல் கடந்தது

இவ்வரலாற்றில் தமிழர் பங்கு யாது? ராக் தட்டுகளில் இந்திய இசை முதலில் வந்தது கறிவேப்பிலையாகத்தான். மணத்துக்குச் சிதாரைச் சேர்ப்பர், உண்ணும்போது ஒதுக்கிவிடுவர். இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மக்லாக்லின். 1971இல் தம் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு மின் கிதாரின் முழக்கத்தில் அரிய தாளக் கணக்குகளைக் காட்டிய அவர், அத்துடன் அமையாது, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் மின் கருவிகளைத் துறந்து 'சக்தி' என்னும் குழுவைக் கண்டார். வயலினில் எல். சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச். விநாயகராம், முதல் தட்டில் மிருதங்கத்தில் இராமநாதபுரம் வி. இராகவன் ஆகியோர் அவருடன் அமர்ந்தனர்.

1975 ஜூலையில் அமெரிக்காவில் மேடையிலேயே பதிவாகி 1976இல் வெளிவந்த அக்குழுவின் முதல் தட்டில் மூன்றே உருப்படிகள். அவற்றுள் ஒன்று அரை மணி நேரத்தை நெருங்குவது. இது ராக் அன்று என்பது உண்மையே. ஆயினும் அக்குடும்பத்தின் ஒரு கிளை. கமகம் பிடிப்பதற்கு வாய்ப்பாகத் தம் கிதாரின் விரற்பலகையைக் குடைவித்து, குறுக்கே துணைத் தந்திகளும் பூட்டுவித்துக்கொண்டார் மக்லாக்லின். விருந்தினர் தம் கருவியையே மாற்றிக்கொண்டு நம் இசைக்கு மதிப்பளித்த காட்சி அது.

எல். சங்கரின் வரலாறு புலம்பெயர்ந்தோராகிய நாம் அறியத்தக்கது. அவர்தம் தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வந்தது. உடைமைகளை இழந்தாலும் வித்தையை இழக்கவில்லை. அவ்வித்தையே பின்னர் உலக அரங்கில் ஒலித்தது. விநாயகராமின் கையிலிருந்த கடமும் நம் வில்லுப்பாட்டுக் குடமும் மண்ணில் பிறந்த உடன்பிறப்புகளே. 2023இல் அரை நூற்றாண்டு நிறைவையொட்டிச் 'சக்தி' வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' என்னும் தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது. அதில் கஞ்சிரா முதலிய தாளக் கருவிகளை இசைத்தவர் விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷ். ஜாகிர் உசேன் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.

தமிழகத்தில் பண்ணைப்புரத்து இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்னும் தட்டைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அது திரைப்படத்துக்காகப் பிறந்ததன்று. தட்டாகவே பிறந்த படைப்பு. நரசிம்மனின் வயலின் அதில் கருநாடக இசைக்கும் மேனாட்டு இசைக்கும் பாலமாயிற்று. 1988இல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 2005இல் அவர் திருவாசகத்துக்குப் பேரிய இசை அமைத்தார். இவை ராக் வகையின அல்ல. எனினும் தட்டையே ஒரு முழுப் படைப்பாகக் கருதும் நோக்கில் நெடுந்தட்டாரோடு ஒப்ப நிற்பவை.

பக்கத்து நாட்டுப் புதுமை

எல்லைக்கு வடபுறத்தும் இம்முயற்சி தழைத்தது. கொச்சியின் மதர்ஜேன் குழுவினர் 2008இல் 'மக்தூப்' என்னும் தட்டை வெளியிட்டனர். அதில் பைஜு தர்மஜனின் மின் கிதார் கருநாடக இசையின் வளைவுகளைப் பேசிற்று. அதே ஆண்டில் அவியல் குழுவினர் மலையாளத்திலேயே ராக் பாடி, தம் பெயரையே தட்டுக்கும் இட்டனர். பெங்களூரின் அகம் குழுவினர் 2012இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', 2017இல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என இரு தட்டுகளால் 'கருநாடக புரோகிரசிவ் ராக்' என்னும் பெயரை நிலைநாட்டினர்.

அவர்கள் பாடியவற்றுள் சுவாதித் திருநாளின் தனாசிரி தில்லானாவும் ஒன்று. 1813 முதல் 1846 வரை வாழ்ந்த அம்மன்னர் ஆண்ட திருவிதாங்கூரில் அடங்கியதுதான் நம் கொல்லயில். அரண்மனையில் பிறந்த தில்லானா, மின் கிதாரும் முரசும் சூழ, நம் பேரப்பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது கண்டு மகிழ்ந்தேன்.

மேனாட்டிலும் இந்நெறி மாய்ந்துவிடவில்லை. 1980களில் மரிலியன், 1990களில் ட்ரீம் தியேட்டர், பின்னர் போர்க்குபைன் ட்ரீ எனக் குழுக்கள் தொடர்ந்தன. போர்க்குபைன் ட்ரீயின் தலைவர் ஸ்டீவன் வில்சன் 2025இல் தனித்து வெளியிட்ட 'தி ஓவர்வியூ' தட்டில் இரண்டே நெடும்பாடல்கள்! அரை நிமிடத்தில் விரலால் தள்ளிவிடும் இக்காலத்திலும் முக்கால் மணி நேரம் அமர்ந்து கேட்போர் உளர் என்பதற்கு அதுவே சான்று.

நாம் செய்யத்தக்கது

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நம் உறவினருள் பாதிப்பேர் கோட்டுக்கு அப்பாலும் பாதிப்பேர் இப்பாலுமாயினர். களியக்காவிளைச் சந்தைக்குச் சென்று வருவது மட்டும் எப்போதும்போல் நடந்தது. "நீங்கள் தமிழரா, மலையாளியரா?" என்று இரு புறத்தாரும் கேட்கக் கேட்டு, கலப்பு என்றாலே குறைவு என நம்மவருள் சிலர் நாணத் தலைப்பட்டனர். ஊர்ப் பேச்சை மறைத்தனர். வில்லுப்பாட்டைப் பழம்பாணி என ஒதுக்கினர். அடியேனும் இளமையில் அவ்வாறு நாணியவனே. என் தந்தையார் கொடைக்கு அழைத்த ஓர் ஆண்டு, பரீட்சை எனப் பொய் கூறிப் போகாதிருந்தேன். அடுத்த கொடைக்கு அவர் இல்லை.

மேலே கண்ட வரலாறு அந்நாணத்தை நீக்க வல்லது. பிறர் இசையோடு கலந்ததனால் கடம் தன் நாதத்தை இழக்கவில்லை. தில்லானா தன் இராகத்தை இழக்கவில்லை. தன் மண்ணில் காலூன்றி நின்று கலந்தவர் உலகின் மதிப்பைப் பெற்றனர். எல்லைப்புறத்தாராகிய நாம் பிறப்பிலேயே அக்கலப்பைப் பெற்றவர்கள்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் இளைஞரிடம் ஒலிப்பதிவுக் கருவிகள் உள்ளன. அவற்றைக் கையாளும் திறனும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்வோர், நம் பகுதிப் புலவர்களை நாடி, அவர்தம் இசைவு பெற்று, தக்க சன்மானமும் அளித்து, ஒரு கதையையேனும் காப்பு முதல் வாழி வரை குறைக்காது பதிவு செய்து வருக. ஐந்து நிமிடத் துணுக்கு வேண்டா. முழு இரவும் வேண்டும். வரும் ஆண்டு விழாவுக்கு முன் ஒரு நாள் சங்க மண்டபத்தில் பாய் விரித்து, முதியோரும் பிள்ளைகளும் ஒருங்கமர்ந்து அதனைக் கேட்போம். மறுநாள் இளைஞர் தம் நெடுந்தட்டுகளை நமக்குக் கேட்பிக்கட்டும். இடையில் எழுந்து செல்வதில்லை என்று அடியேன் இப்போதே வாக்களிக்கிறேன்.