லினன் துணியின் எடை

ஆளிச்செடியின் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் நாரால் நெய்யப்படும் லினன், ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அத்துணியின் எடை எனப்படுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் அன்றாடச் சொல்லாகிவிட்ட ‘ஜிஎஸ்எம்’ குறிப்பதும் இதைத்தான். அமெரிக்க வணிகர்கள் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்சு என்று குறிப்பார்கள். அவ்வகையில் ஓர் அவுன்சு என்பது ஏறத்தாழ 34 ஜிஎஸ்எம். கோட்டுத் துணி விற்போரிடம் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. அவர்கள் பெரும்பாலும் சதுர மீட்டரைக் கணக்கில் கொள்வதில்லை, துணியின் முழு அகலத்தோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளத்தின் எடையையே சொல்கிறார்கள் என்பதால், 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் 300 கிராம் என்று அவர்கள் குறிப்பது உண்மையில் 200 ஜிஎஸ்எம் மட்டுமே.

எடை தனித்து நிற்கும் ஒரு பண்பு அன்று. நூலின் பருமனும், பாவிலும் ஊடையிலும் இழைகள் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பதும் சேர்ந்து விளைவிப்பதே அது. லினன் நூலின் பருமன் ‘லீ’ என்னும் எண்ணால் அளக்கப்படுகிறது. 300 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே லீ எண்ணாகையால், எண் கூடக் கூட நூல் மெலிகிறது. 60 லீ நூலில் ஒரு பவுண்டு 18,000 கஜம் ஓடும். இந்தியக் கடைகளில் சட்டைத் துணிக்கு ஜிஎஸ்எம் சொல்லாமல் 40 லீ, 60 லீ என்று மட்டும் சொல்லி விற்கும் வழக்கம் உண்டு. இது பாதித் தகவல்தான். 60 லீ நூலைப் பாவிலும் ஊடையிலும் சென்டிமீட்டருக்கு 20 இழை வீதம் நெய்தால், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வளைந்து செல்வதால் கூடும் சிறு நீளத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 115 ஜிஎஸ்எம் வரும். அதே நூலை 15 இழை வீதம் தளர்த்தி நெய்தால் 90க்கும் குறைந்துவிடும். ஆகவே லீ எண்ணை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு நூல் மெல்லியதா என்பது தெரியுமே தவிர, துணி கனமானதா என்பது தெரியாது. இயந்திரத்தில் இத்தகைய மெல்லிய நூல் கிடைப்பதற்கு ஈர நூற்பு முறையே காரணம். நாரைப் பிணைத்திருக்கும் பசையை வெந்நீரில் இளக்கி நூற்கும் இம்முறைக்கு இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் கே 1825இல் காப்புரிமை பெற்றார்.

ஆடைக்கு ஏற்ற எடைக்கு இறுகிய எல்லைகள் இல்லை. எனினும் தையற்காரர்களிடையே ஒரு பொது வழக்கு நிலவுகிறது. 120 ஜிஎஸ்எம்-க்கு உட்பட்டவை கைக்குட்டை லினன் என்று பெயர் பெற்றவை. கொசுவமும் நுண்மடிப்பும் வேண்டுகிற ரவிக்கை, குழந்தை உடுப்பு, மெல்லிய சட்டை ஆகியவற்றுக்கு இவை பொருந்தும். எகிப்தின் தர்கானில் கிடைத்து இப்போது லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் உள்ள, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட லினன் உடையின் கைகளிலும் தோள்பகுதியிலும் நுண்மடிப்புகள் வரிசையாக உள்ளன. தடித்த துணியில் அத்தகைய வேலை நிற்காது. வெள்ளை நிறத்தில் இவ்வெடைத் துணிகள் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும் என்பதால் உள்துணி கொடுப்பது நல்லது. 150 முதல் 190 வரையுள்ள நடுத்தர எடை சட்டை, குர்தா, பாவாடை, கவுன் என எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். லினனில் முதன்முதலாகத் தைப்பவர் இந்த எடையிலேயே தொடங்குவது மேல். 200க்கு மேற்பட்டவை கால்சட்டைக்கும் மேலங்கிக்கும் உரியவை. லினன் நார் மிகக் குறைவாகவே நீளும், நீண்டபின் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், மெல்லிய துணியில் இறுக்கமாகத் தைத்த கால்சட்டை சில மணி நேரத்திலேயே முழங்காலில் தொங்கிவிடுகிறது. கசங்கலும் எடையைப் பொறுத்து மாறுகிறது: மெல்லிய துணியில் கூர்மையான கோடுகள் எங்கும் விழும், கனத்த துணியில் மழுங்கிய மடிப்புகள் சிலவே விழும்.

வெயில் காலத்துக்கு மெல்லியதே குளிர்ச்சி என்பது பரவலான நம்பிக்கை. அது முழு உண்மை அன்று. உடலின் வெப்பமும் வியர்வையும் வெளியேறுவது இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளின் வழியாகவும், நார் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுப்பதன் வழியாகவும் ஆகும். எனவே தடித்த நூலைத் தளர நெய்த 180 ஜிஎஸ்எம் துணி, மெல்லிய நூலை நெருக்கி நெய்த 130 ஜிஎஸ்எம் துணியைவிடக் காற்றோட்டமாக இருக்கக்கூடும். அத்துடன் லினன் இயல்பிலேயே விறைப்பானது. ஒரே எடையுள்ள ரேயான் உடலோடு ஒட்டி வழியும்போது லினன் சற்று விலகி நிற்பதால், இடையே காற்று புகுகிறது. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சந்துகளைப் பார்ப்பது எந்த எண்ணையும்விட இதை நன்கு உணர்த்தும்.

கடையில் சொல்லப்படும் எடை துவைப்பதற்கு முந்தைய எடையாகவே பெரும்பாலும் இருக்கும். நீளத்திலும் அகலத்திலும் 5 விழுக்காடு சுருங்கினால் 150 ஜிஎஸ்எம் துணி 166 ஆகிவிடும். மாறாக, கஞ்சி ஏற்றி எடை கூட்டிய மலிவுத் துணி துவைத்தபின் மெலிந்துபோகும். ஆகையால் வெட்டுவதற்கு முன் துணி முழுவதையும் துவைத்து உலர்த்துவது லினனில் தவிர்க்கக்கூடாத வேலை. உலர்ந்தபின் அதன் எடையை வீட்டிலேயே கண்டறியலாம்: 2 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உள்ள துணி 448 கிராம் இருந்தால், பரப்பான 2.8ஆல் வகுக்க 160 ஜிஎஸ்எம் கிடைக்கும். தொழிற்கூடங்களில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு ஒன்றை வெட்டி நிறுத்து, வந்த கிராமை 100ஆல் பெருக்குகிறார்கள். லினன் காற்றின் ஈரத்தைப் பருத்தியைவிட மிகுதியாக ஏற்பதால் மழைநாளில் நிறுத்த எடை சற்றுக் கூடும். அதனால்தான் ஆய்வகங்களில் 20 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் துணியை வைத்தெடுத்த பின்பே எடை பார்க்கிறார்கள்.

எடை தெரிந்தபின் தையல் முறையும் அதை ஒட்டி அமைய வேண்டும். மெல்லிய லினனுக்கு 11ஆம் எண் ஊசியும், நடுத்தரத்துக்கு 14ஆம் எண்ணும், கனத்ததற்கு 16ஆம் எண்ணும் பொதுவாகப் பயன்படுகின்றன. லினனின் வெட்டிய ஓரம் எளிதில் பிசிறு விடும் இயல்புடையது. மெல்லிய துணியில் ஓரத்தை உள்ளே மறைத்து இருமுறை தைப்பது போதுமானது, ஆனால் அம்முறையைக் கனத்த துணியில் கையாண்டால் இணைப்பு கயிறுபோல் தடித்துவிடும். கழுத்துப்பட்டியிலும் இடுப்புப்பட்டியிலும் பல அடுக்குகள் ஒன்றாகச் சேர்வதால், 200 ஜிஎஸ்எம்-க்கு மேற்பட்ட துணியில் அவற்றின் உட்பக்கத்துக்கு மெல்லிய பருத்தித் துணியையே வைத்துத் தைப்பது வழக்கம்.