எலி மருந்தும் ஒரு கேன் ரத்தமும்

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தினமும் ராத்திரி ஒரு வார்ஃபரின் மாத்திரை. “இது எலி மருந்தாமேடா, நெசமாவா?” என்று ஒருநாள் கேட்டாள். நிஜம்தான். ஆனால் கதை எலியில் தொடங்கவில்லை, மாட்டில் தொடங்குகிறது.

1933 பிப்ரவரி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். எட் கார்ல்சன் என்ற விவசாயியின் மாடுகள் ரத்தம் கசிந்து ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ‘ஸ்வீட் க்ளோவர்’ என்ற தீவனம் பூசணம் பிடித்தால் வரும் நோய் அது. கெட்ட தீவனத்தைப் போடாதே என்பதுதான் மருத்துவர்கள் அறிந்த வைத்தியம். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வேறு தீவனத்துக்குக் காசு ஏது? செத்த கிடாரி ஒன்று, கொஞ்சம் தீவனம், பால் கேன் நிறைய உறையாத ரத்தம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தாண்டி மேடிசன் நகருக்கு வந்தார். அன்று சனிக்கிழமை. அரசுக் கால்நடை மருத்துவர் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தது பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. உள்ளே பேராசிரியர் கார்ல் பால் லிங்க் இருந்தார்.

அவராலும் அன்று புதிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. கார்ல்சன் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். கேன் ஆய்வகத்தில் தங்கிவிட்டது.

லிங்க்கும் மாணவர்களும் அந்தத் தீவனத்தோடு ஆறு வருடம் மல்லுக்கட்டினார்கள். 1939இல் ஹெரால்ட் கேம்பெல் என்ற மாணவர் ரத்தத்தை உறையவிடாத பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் தயாரித்த சேர்மங்களில் 42ஆவது, 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் மாரடைப்பு கண்ட அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள்.

வார்ஃபரின் என்ற பெயருக்குள்ளேயே நன்கொடையாளர்களும் இருக்கிறார்கள். ‘வார்ஃப்’ என்பது ஆய்வுக்குப் பணம் தந்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம். 1925இல் முன்னாள் மாணவர்கள் 9 பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டுத் தொடங்கியது. புற ஊதா ஒளியால் உணவில் வைட்டமின் டி கூட்டலாம் என்று கண்டறிந்த ஹாரி ஸ்டீன்பாக், தன் காப்புரிமையை அதற்குக் கொடுத்தார். அந்த வருமானம் திரும்ப ஆராய்ச்சிக்கே போனது.

எல்லாம் தர்மகாரியம் என்று சொல்லிவிட முடியாது. மாநிலத்தின் வெண்ணெய் வியாபாரத்தைக் காப்பாற்ற, ஏழைகள் வாங்கும் மார்கரினுக்கு அந்த வைட்டமின் உரிமத்தைத் தர மறுத்தார்கள். நீதிமன்றம் அதைக் கண்டித்தது. யாருடைய நன்மைக்கு ஆராய்ச்சி என்ற கேள்வி காப்புரிமையோடு சேர்ந்தே பிறக்கிறது.

ஆனாலும் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் பெரிதாகத் தெரிகிறது. கேட்டு வந்தவனுக்குக் கையில் பதில் இல்லை. ஆனால் அவன் கொண்டுவந்த கேள்வியை யாரும் குப்பையில் போடவில்லை.

முழுக்கதையும் கேட்ட அம்மா, “பாவம், அந்த மனுஷனோட மாட்டுக்கு ஒண்ணும் கிடைக்கலையே” என்றாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.