ஜர்ஹ் வ தஅதீல்: ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடும் கலை

நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம் ஆகியவற்றை எடுத்துரைக்கும் ஹதீஸ், செய்தியின் வாசகமான 'மத்ன்', அதை வழிவழியாக எடுத்துரைத்தவர்களின் பெயர்வரிசையான 'இஸ்னாத்' என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. அப்பெயர்வரிசையில் இடம்பெறும் ஒவ்வோர் அறிவிப்பாளரின் வாழ்வையும் நினைவாற்றலையும் ஆராய்ந்து, அவரிடம் உள்ள குறையை எடுத்துக்காட்டுவது 'ஜர்ஹ்' எனவும், அவர் நம்பத்தக்கவர் எனச் சான்றளிப்பது 'தஅதீல்' எனவும் அழைக்கப்படும். ஹிஜ்ரீ முதல் நூற்றாண்டின் உள்நாட்டுக் கலகத்துக்குப் பின்னரே, செய்தி சொல்பவரிடம் "யாரிடமிருந்து கேட்டீர்?" என வினவும் வழக்கம் வேரூன்றியது என்று பஸ்ராவின் இப்னு சீரீன் (இறப்பு 729) குறிப்பிட்டுள்ளார்.

சென்னை மயிலாப்பூரிலிருந்து ரஹ்மத் அறக்கட்டளை வெளியிட்டுள்ள 'ஸஹீஹுல் புகாரீ', 'ஸஹீஹ் முஸ்லிம்' தமிழாக்கங்களின் வழியாகவே தமிழ் வாசகர் பலர் ஹதீஸ் இலக்கியத்தை அறிந்துள்ளனர். இத்தகைய தமிழாக்கங்களில் பெரும்பாலும் தொடரின் மேல்முனையில் உள்ள ஓரிரு பெயர்களே நிற்கின்றன; ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இத்தனை அறிவிப்பாளர்தொடர்களில் வந்துள்ளது என்ற குறிப்பும் காணப்படும். வாசிப்பின் எளிமைக்கு இது தேவைதான் எனினும், இத்துறை முழுவதும் விடுபட்ட அந்தப் பெயர்களின் மீதே எழுப்பப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை' என்னும் கருத்துடைய, புகாரீயின் முதல் ஹதீஸையே எடுத்துக்கொள்ளலாம். மூலத்தில் அதன் தொடர், நூலைத் தொகுத்த புகாரீக்குக் கற்பித்த ஹுமைதீயில் தொடங்கி, ஸுஃப்யான், யஹ்யா பின் ஸஈத், முஹம்மத் பின் இப்ராஹீம், அல்கமா பின் வக்காஸ் வழியாக உமரைச் சென்றடைகிறது. இதில் ஸுஃப்யான் என்றால் எந்த ஸுஃப்யான்? கூஃபாவின் ஸுஃப்யான் ஸவ்ரீயும் மக்காவில் வாழ்ந்த ஸுஃப்யான் பின் உயைனாவும் ஏறத்தாழ ஒரே காலத்தவர்கள்; மக்காவாசியான ஹுமைதீ பின்னவரின் மாணவர் என்பதால் இங்கே குறிக்கப்படுபவர் இப்னு உயைனா எனத் தெளிவாகிறது. யஹ்யா பின் ஸஈத் என்ற பெயரிலும் மதீனாவின் அன்ஸாரீ, பஸ்ராவின் கத்தான் என இரு பேரறிஞர்கள் உள்ளனர், முன்னவரே இத்தொடருக்குரியவர். ஆளை அடையாளம் காணாமல் அவருடைய தகுதியைப் பேச இயலாது. ஆகையால் பிறப்பு, இறப்பு, ஊர், பயணம், ஆசிரியர், மாணவர் ஆகிய விவரங்களைத் திரட்டும் 'ரிஜால்' நூல்கள் இக்கலையின் அடித்தளமாயின.

அறிவிப்பாளரிடம் இரு தகுதிகள் தேடப்படுகின்றன: பொய்யும் பெரும்பாவமும் தவிர்த்த நேர்மையான 'அதாலத்', கேட்டதைக் கேட்டவாறே நினைவிலோ ஏட்டிலோ காக்கும் 'ளப்த்'. நபித்தோழர் அனைவரும் நேர்மையாளர்களே என்பது ஸுன்னீ அறிஞர்களின் நிலைப்பாடு. ஷீஆக்கள் இதை ஏற்பதில்லை, அவர்களுக்குத் தனி ரிஜால் நூல்கள் உண்டு. ஒருவர் மிகுந்த பக்திமானாக இருந்தும் நினைவாற்றல் குன்றியவராயின், அவர் அறிவிப்பு பலவீனமானதாகவே கொள்ளப்படும்.

நினைவாற்றலை அளந்த முறையே இத்துறையின் மிகச் சிறந்த பகுதி. யஹ்யா பின் மயீன் (இறப்பு 848), ஹம்மாத் பின் ஸலமாவின் நூல்களை அவருடைய மாணவர்கள் 17 பேரிடம் கேட்டபின் 18ஆவது மாணவரையும் தேடிச் சென்றார் என்ற செய்தி உண்டு. எல்லா மாணவரும் ஒரே பிழையைச் சொன்னால் பிழை ஆசிரியருடையது. ஒருவர் மட்டும் மாறுபட்டால் பிழை அவருடையது என்பதே யஹ்யா தந்த விளக்கம். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

ஒருவரைப் பற்றிய தீர்ப்பு அவருடைய வாழ்நாள் முழுமைக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆவின் ஏடுகள் தீக்கிரையான பின் அவருடைய அறிவிப்புகளில் குழப்பம் மிகுந்ததால், அதற்கு முன் அவரிடம் கேட்ட இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் போன்றோர் வழி வருபவற்றுக்கே அறிஞர் பலர் மதிப்பளித்தனர். வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக்கை ஹதீஸ் அறிஞர்களுள் மாலிக் கடுமையாகச் சாட, ஷுஅபா மனமாரப் புகழ்ந்தார். இத்தகைய முரண்பட்ட கருத்துகளையெல்லாம் சீர்தூக்கி, இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (இறப்பு 1449) தம் 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் அறிவிப்பாளர்களை, நபித்தோழர் தொடங்கிப் பொய்யர் முடிய, 12 படிநிலைகளாக வகுத்தார்.

இக்கலைக்கு இந்தியா ஆற்றிய தொண்டு பெரிது. 1888இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப், இப்னு ஹஜரின் 'தஹ்தீபுத் தஹ்தீப்' நூலை 12 தொகுதிகளில் அச்சிட்டதுடன், புகாரீயின் 'அத்தாரீகுல் கபீர்', இப்னு அபீ ஹாத்திமின் 'அல்ஜர்ஹு வத்தஅதீல்' ஆகியவற்றையும் வெளியிட்டது. சென்னையில் நவாப் வாலாஜாவின் ஆதரவில் வாழ்ந்து, 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ள பஹ்ருல் உலூம் அப்துல் அலீ, சட்டவியல் மூலங்கள் குறித்த தம் 'ஃபவாத்திஹுர் ரஹமூத்' உரையில் அறிவிப்பாளரின் தகுதிகளையும் விவாதித்துள்ளார். அவர் பிறந்த லக்னோ ஃபரங்கி மஹல் மரபில் பின்னர் தோன்றிய அப்துல் ஹய் (1848–1886), இத்துறைக்கென்றே 'அர்ரஃப்உ வத்தக்மீல்' என்னும் நூலை எழுதினார். காரணம் கூறாமல் ஒருவரைக் குறைகூறுவது எப்போது ஏற்கப்படும், கடும்போக்குடைய விமர்சகரின் சொல்லை எவ்வளவு எடுத்துக்கொள்வது, சமகாலத்தவரின் பகைமையால் எழுந்த பழியை எப்படி இனங்காண்பது ஆகியவற்றை அந்நூல் விரிவாக ஆராய்கிறது.